ரொட்டியை ஏற்ற மடப்பள்ளியும் நம் வீட்டு லசானியாவும்

பேரன் பேத்திகள் லசானியா கேட்டால், "அதெல்லாம் நம்ம சாப்பாடு இல்லை" என்று தட்டைத் தள்ளும் பெரியவர்கள் நம் குடியிருப்பிலும் உண்டு. அவர்கள் ஒருமுறை ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் துலுக்க நாச்சியார் சந்நிதி வரை போய் வரலாம். அங்கே விக்கிரகம் கிடையாது, சித்திரம்தான். அரங்கன்மேல் காதல் கொண்டு இங்கே வந்த டில்லி சுல்தானின் மகள் என்பது ஐதீகம். 14ஆம் நூற்றாண்டில் டில்லிப் படைகள் வந்ததும், உற்சவர் பல ஊர்களில் மறைந்திருந்து 1371இல் திரும்பியதும் வரலாறு. நாச்சியார் கதையை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் அவரை முன்னிட்டுப் பெருமாளுக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. காரத்துக்கு மிளகாய் சேர்க்காமல் மிளகையே வைத்திருக்கும் மடப்பள்ளி, வீட்டுக்கு வந்த பெண்ணுக்காக ரொட்டியை ஏற்றுக்கொண்டிருக்கிறது!

லசானியாவும் ஒரே மாதிரி இருந்த பண்டமல்ல. 1300 வாக்கில் எழுதப்பட்ட ஒரு லத்தீன் சமையல் நூலில் அதன் பழைய செய்முறை உள்ளது. மாவை மெல்லிசாகத் தேய்த்து, சதுரமாக வெட்டி, வேகவைத்து, சீஸும் மசாலாப் பொடியும் தூவி அடுக்க வேண்டும். தக்காளி இல்லை. எப்படி இருக்கும்? கொலம்பஸ் கப்பல் ஏறியதே 1492இல்தான். நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி என்பவர் தக்காளி சாஸ் செய்முறையை அச்சிட்டது 1690களில். அதே அமெரிக்கக் கண்டத்துத் தக்காளியும் மிளகாயும்தான் கடல் கடந்து நம்மிடமும் வந்தன. மிளகாய் என்ற பெயரிலேயே மிளகு இருக்கிறது பாருங்கள். தக்காளிக்குச் சீமைத்தக்காளி என்றே ஒரு பெயர் உண்டு. இன்று அது இல்லாமல் நம் வீட்டில் ரசம் ஏது?

இத்தாலியிலேயே போலோன்யாக்காரர்கள் கீரை கலந்த பச்சைத் தகடும் வெள்ளை சாஸும் வைக்கிறார்கள். நேப்பிள்ஸில் ரிக்கோட்டா சீஸ், இறைச்சி உருண்டை, முட்டை. ஆகவே நாம் மாற்றினால் யாரும் கோபிக்கப்போவதில்லை.

எங்கள் வீட்டில் தகட்டுக்குப் பதில் மெல்லிய சப்பாத்தி, அரைவேக்காட்டில். ரிக்கோட்டாவுக்குப் பதில், எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்த பால். நடுவில் கேரட், பீன்ஸ், கீரை. தக்காளி சாஸில் சோம்பும் கொஞ்சம் மிளகுத் தூளும். பூண்டு ஆகாதவர்களுக்கு ஓர் ஓரத்தைத் தனியாக அடுக்கிவிடலாம். வெள்ளை சாஸ் என்பது வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் விட்டுக் கிளறுவது, அவ்வளவுதான்.

சீஸ் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பர்மஜானோ போன்ற இத்தாலிய சீஸ்களில் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். சைவம் சாப்பிடும் பாட்டிக்குப் பரிமாறும்முன் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லியே கொடுங்கள்.

அவன் இல்லையென்றால் அடிகனமான வாணலியில் மூடி போட்டு, சிறு தீயில் சீஸ் உருகும்வரை வைத்தால் போதும். இறக்கியதும் வெட்டாதீர்கள், பத்து நிமிடம் ஆறட்டும். இல்லாவிட்டால் அடுக்கு சரிந்து கூட்டு மாதிரி ஆகிவிடும்.