மஞ்சள் வாட்டில்பேர்டு

மஞ்சள் வாட்டில்பேர்டு (அந்தோகேரா பாரடாக்சா) ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலும் அதன் வடமேற்கே உள்ள கிங் தீவிலும் மட்டுமே வாழும் பறவை. தேனுண்ணிக் குடும்பமான மெலிபாகிடேயில் உருவில் மிகப் பெரியது இதுவே. பிரெஞ்சு விலங்கியலாளர் தோதன் 1800இல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். நம் ஊர்த் தேன்சிட்டுகள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை; தேனுண்ணிகள் இந்தியாவில் இல்லை.

அடையாளம்

நீண்ட வாலுடன் சுமார் 45 செ.மீ. நீளம் இருக்கும், பெண் பறவை ஆணைவிடச் சிறியது. உடல் சாம்பல் கலந்த பழுப்பு. அதில் வெண்கீற்றுகள் உண்டு. முகம் வெளிறியது, வயிற்றின் நடுவே மஞ்சள் திட்டு. கன்னத்தின் இருபுறமும் சேவலின் தாடிபோல மஞ்சள் நிறச் சதை தொங்கும். இளம் பறவைகளுக்கு இச்சதை சிறிதாகவே இருப்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. வயிற்று மஞ்சளையும் வால் நீளத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டாஸ்மேனியாவில் இதனுடன் குழப்பக்கூடியது சிறு வாட்டில்பேர்டு. அது உருவில் சிறியது, தொங்குசதை கிடையாது, பறக்கும்போது இறக்கையில் செம்பழுப்புத் திட்டு தெரியும்.

காணும் முறை

யூகலிப்டஸ் காடுகள், பேங்சியா புதர்கள், பழத்தோட்டங்கள், நகரப் பூங்காக்கள் ஆகியவற்றில் இதைக் காணலாம். பூ எங்கே மலர்கிறதோ அங்கே இடம்பெயரும் பறவை இது. ஆகவே காடெல்லாம் அலைவதைவிட, பூத்த மரம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சற்றுத் தள்ளிக் காத்திருப்பதே பலன் தரும். நீலகிரியில் தைலத்துக்காக அறியப்பட்ட நீல யூகலிப்டஸின் தாயகங்களுள் ஒன்று டாஸ்மேனியா. அதன் பூக்கள் இப்பறவைக்கு முக்கிய உணவு. பூவுக்குப் பூ தாவித் தேனருந்தும்போது மகரந்தத்தையும் கொண்டு சேர்க்கிறது. தூரிகை நுனிகொண்ட நாக்கைப் பூவுக்குள் நீட்டித் தேனை வழித்தெடுப்பதையும், கிளையில் தலைகீழாகத் தொங்குவதையும் இருநோக்கியில் நன்றாகப் பார்க்கலாம். பூச்சிகளையும் பழங்களையும்கூட உண்ணும்.

பெரும்பாலும் கண்ணுக்கு முன் காதுக்கே எட்டும். இருமலும் குமட்டலும் கலந்தாற்போன்ற கரகரத்த ஒலி இதன் குரல். இனிய பாட்டை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

இனப்பெருக்கமும் பாதுகாப்பும்

குச்சிகளால் அகன்ற கிண்ணக் கூடு கட்டி, உள்ளே கம்பளி இழைகளையும் புல்லையும் பரப்பும். இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். குஞ்சுகளுக்குப் பெற்றோர் இரண்டுமே இரை ஊட்டும். முன்பு இறைச்சிக்காகப் பெருமளவில் வேட்டையாடப்பட்ட இப்பறவை, இன்று சட்டப்படி முழுப் பாதுகாப்புப் பெற்றுள்ளது.