போர் விமானச் சுடும் ஆட்டங்களும் திருச்சியின் போர்க்கால வான்தளமும்

போர் விமானச் சுடும் ஆட்டங்கள் என்பவை, திரையின் பின்னணி ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருக்க, ஆடுபவர் ஒற்றை விமானத்தை இயக்கி எதிரி விமானங்களையும் தரைப் பீரங்கிகளையும் சுட்டு வீழ்த்தும் நிகழ்பட ஆட்டங்கள். பேச்சு வழக்கில் இவை வீடியோ கேம் எனப்படுகின்றன. 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த இவ்வகை, 1990களில் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்கும் மலிவான கருவிகள் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்தது. இவற்றுள் புகழ்பெற்ற பல ஆட்டங்கள் இரண்டாம் உலகப்போரைக் களமாகக் கொண்டவை. அப்போரின் வான்படை வரலாற்றில் திருச்சிராப்பள்ளிக்கும் இடம் உண்டு. இந்திய வான்படையின் ஆறாம் படைப்பிரிவு 1942 டிசம்பர் 1 அன்று திருச்சியில் உருவாக்கப்பட்டது. அப்படைப்பிரிவு செய்த பணி இந்த ஆட்டங்கள் காட்டும் வான்போரிலிருந்து பெரிதும் வேறுபட்டது.

தோற்றம்

ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1978இல் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ், சுடும் ஆட்டங்களுக்கு உலகளாவிய சந்தையை உருவாக்கியது. அதை வடிவமைத்த டொமொஹிரோ நிஷிகாடோ முதலில் விமானங்களை இலக்காக வைத்துப் பார்த்தார். அவற்றின் அசைவை அன்றைய மின்சுற்றுகளில் இயல்பாகக் காட்ட முடியவில்லை. மனித உருவங்களைச் சுடுவது தகாது என்பதால் அதுவும் கைவிடப்பட்டு, வேற்றுக்கோள் உயிரிகள் இலக்காயின.

1981இல் வெளிவந்த டிஃபெண்டர், ஸ்கிராம்பிள் ஆகிய ஆட்டங்கள் பக்கவாட்டில் நகரும் களத்தைப் பரவலாக்கின. கொனாமியின் ஸ்கிராம்பிள் ஆட்டத்தில் எரிபொருள் குறைந்துகொண்டே வரும். தரையிலுள்ள எரிபொருள் கலன்களைத் தாக்கினால் மட்டுமே பயணத்தைத் தொடர முடியும்.

போர் விமானங்கள் இதன் பின்னர் வந்தன. 1984இல் கனடாவின் பி.எம்.பி. கம்ப்யூசயன்ஸ் நிறுவனத்தில் டேவிட் கிளார்க் எழுதிய சாப்வித், முதல் உலகப்போரின் இரட்டை இறக்கை விமானத்தைத் தனிக்கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் கணினி வலையமைப்பை வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகவே அது எழுதப்பட்டது. 1985இல் நாம்கோவின் ஸ்கை கிட், 1987இல் புரோடர்பண்ட் வெளியிட்ட விங்ஸ் ஆஃப் ஃப்யூரி, 1988இல் ஜலெகோவின் பி-47 ஆகியவை தொடர்ந்தன. கடைசியாகச் சொன்னதில் ஆடுபவர் அமெரிக்கத் தண்டர்போல்ட் விமானத்தில் நாசி ஜெர்மனியின் படைகளை எதிர்கொள்கிறார்.

இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது கேப்காம் நிறுவனத்துக்காக யோஷிகி ஒகாமோட்டோ 1984இல் உருவாக்கிய 1942. அதன் களம் பக்கவாட்டில் நகராமல் மேலிருந்து கீழாக நகரும். ஆடுபவர் அமெரிக்காவின் பி-38 விமானத்தில் டோக்கியோவை நோக்கிச் சென்று ஜப்பானிய விமானங்களைச் சுட வேண்டும். ஜப்பானிய நிறுவனமே இப்படி ஓர் ஆட்டத்தைச் செய்ததற்குக் காரணம் மேலைநாட்டுச் சந்தை.

நகரும் களம்

இவ்வாட்டங்களில் விமானம் பறப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் நகர்வது பின்னணியே. சிறு சதுரங்களால் கட்டப்பட்ட கடல், காடு, மேகம் ஆகியவை நினைவகத்திலிருந்து எடுக்கப்பட்டுத் திரையின் ஓரத்தில் சேர்க்கப்படும். எதிர் ஓரத்தில் பழையவை மறையும். விமானம், தோட்டா, எதிரி ஆகியவை இப்பின்னணியின் மேல் தனி உருவங்களாக வரையப்படுகின்றன.

1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவி ஒரே நேரத்தில் 64 உருவங்களைக் காட்ட வல்லது. ஆனால் கிடையான ஒரு வரியில் 8 உருவங்களுக்கு மேல் காட்ட இயலாது. எதிரி விமானங்கள் ஒரே வரிசையில் திரண்டு வரும்போது அவை மினுக்கி மறைவது இதனால்தான்.

பின்னணி தானாக நகர்வதால் ஆடுபவரால் நிற்கவோ திரும்பிப் போகவோ முடியாது. பல ஆட்டங்களில் தோட்டாக்களும் தீர்வதில்லை. முன்னே சென்றுகொண்டும் சுட்டுக்கொண்டும் இருப்பது மட்டுமே வழி.

தமிழ்நாட்டில்

1990களில் ஃபேமிகாமைப் பின்பற்றிச் செய்யப்பட்ட கருவிகள் இந்தியாவில் பரவலாக விற்கப்பட்டன. மக்கள் இவற்றை டிவி கேம் என்றும், ஆட்டம் அடங்கிய செருகுபெட்டியைக் கேசட் என்றும் அழைத்தனர். ஒரே கேசட்டில் பல ஆட்டங்கள் சேர்ந்து வந்தன. 1942 ஆட்டமும் இத்தகைய தொகுப்புகளில் இடம்பெற்றது. ஆடிய சிறுவர்களுக்கு 1942 என்பது ஓர் ஆட்டத்தின் பெயர். அது தங்கள் பாட்டன்மார் வாழ்ந்த ஓர் ஆண்டு என்பதை ஆட்டத்தில் எதுவும் நினைவூட்டவில்லை.

1942இல் திருச்சி

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடிக்கப்பட்டது. ஜப்பானியர் கரையிறங்குவர் என்ற அச்சத்தில் சென்னையிலிருந்து பெருந்திரளான மக்கள் உள்மாவட்டங்களுக்கு வெளியேறினர்.

கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருந்தும் இலங்கைக்கு எளிதில் பறக்கக்கூடிய தொலைவில் இருந்த திருச்சி, போர்க்காலத்தில் வான்படைத் தளமாகப் பயன்பட்டது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவும் தெற்கே தனித்து நிற்கும் மலைக்கோட்டையும் வானிலிருந்து எளிதில் அடையாளம் காணக்கூடியவை. அரங்கநாதர் கோயிலின் தெற்கு ராஜகோபுரம் அன்று அடிப்பகுதியோடு நின்றிருந்தது. 236 அடி உயரமும் 13 நிலைகளும் கொண்ட இன்றைய கோபுரம் 1987இல்தான் நிறைவுற்றது.

ஆறாம் படைப்பிரிவு

1942 டிசம்பர் 1 அன்று திருச்சியில் உருவான ஆறாம் படைப்பிரிவின் முதல் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங். 1915இல் பஞ்சாபின் லயால்பூரில் பிறந்த அவர், வடமேற்கு எல்லைப் பகுதியில் பறந்த அனுபவம் உடையவர். படைப்பிரிவுக்கு ஹாக்கர் ஹரிக்கேன் இரண்டு-பி விமானங்கள் தரப்பட்டன. 12 இயந்திரத் துப்பாக்கிகள் கொண்ட விமானம் அது. விசையை விடாமல் அழுத்தினால் தோட்டாக்கள் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும்.

படைப்பிரிவுக்கு ஒப்படைக்கப்பட்ட முதன்மையான பணி வேவு பார்த்தல். பயிற்சிக்காலம் முடிந்து 1943 நவம்பரில் அது வங்கத்தின் காக்ஸ் பஜார் பகுதிக்குச் சென்று, பர்மாவின் அரக்கான் போர்முனையில் பணியாற்றியது. காட்டுக்குள் மறைந்திருந்த ஜப்பானியப் படைகளின் நிலைகள், பாதைகள், பாலங்கள், படகுகள் ஆகியவற்றைத் தாழப் பறந்து பார்த்தும் படமெடுத்தும் வருவது விமானிகளின் வேலை. இதனால் இப்படைப்பிரிவுக்குப் பதினான்காம் சேனையின் கண்கள் என்ற பெயர் ஏற்பட்டது.

விமானங்கள் இரண்டிரண்டாகச் சென்றன. ஒருவர் தரையைக் கவனிக்கும்போது மற்றவர் வானைக் கவனித்து அவருக்குக் காவலாகப் பறப்பார். தரையில் கண் வைத்தவருக்குத் தன் முதுகைக் காக்க வழியில்லை. ஜப்பானியரின் கி-43 விமானம் ஹரிக்கேனைவிட விரைவாகத் திரும்பக்கூடியது. எனவே எதிரியோடு மோதி வெல்வதைவிடப் படச்சுருளோடு திரும்பி வருவதே முக்கியமானது. திரும்பாத விமானத்தோடு அது கண்டுவந்த செய்தியும் போய்விடும்.

பதினான்காம் சேனையின் தளபதி வில்லியம் ஸ்லிம், 1956இல் வெளியான தம் போர் நினைவு நூலில், பழைய ஹரிக்கேன்களில் இணை இணையாகச் சென்று வந்த இந்திய வேவு விமானிகளைப் பாராட்டி எழுதியுள்ளார். மெஹர் சிங்குக்கு 1944இல் டி.எஸ்.ஓ. விருது வழங்கப்பட்டது. இப்போரில் அவ்விருதைப் பெற்ற ஒரே இந்திய வான்படை அதிகாரி அவர். 1948இல் லே பள்ளத்தாக்கில் முதன்முதலாக விமானத்தை இறக்கியவரும் அவரே. 1952இல் விமான விபத்தில் இறந்தார்.

ஆட்டமும் வரலாறும்

ஆட்டத்தில் புள்ளிகள் வீழ்த்தப்பட்டவற்றைக் கொண்டு எண்ணப்படுகின்றன. வேவுப் படைப்பிரிவில் பயன் கொண்டுவரப்பட்ட படங்களைக் கொண்டு கணக்கிடப்பட்டது. ஆட்டத்தில் பெரும்பாலும் ஒருவரே பறக்கிறார். அரக்கானில் ஒருவர் உயிர் மற்றவரின் கவனத்தைச் சார்ந்திருந்தது. ஆட்டத்தில் வீழ்ந்தால் அடுத்த விமானம் உடனே திரையில் தோன்றும்.

இவ்வேறுபாட்டுக்கு ஆட்டங்களைக் குறை சொல்ல இயலாது. எட்டு பிட் கருவியில் சுடுவதைக் காட்டுவது எளிது. காத்திருப்பதையும் கவனிப்பதையும் காட்டுவது கடினம். எனினும் வேறு வழிகளும் முயலப்பட்டன. டான் கோர்லின் 1982இல் உருவாக்கிய சாப்லிஃப்டர், பக்கவாட்டில் நகரும் ஹெலிகாப்டர் ஆட்டம். அதில் 64 பிணைக்கைதிகளுள் எத்தனை பேர் உயிரோடு தளத்துக்குக் கொண்டுவரப்பட்டனர் என்பதே கணக்கு. சுட்டு வீழ்த்துவதற்கு அதில் புள்ளியே இல்லை.

ஆனால் போர்க்களத்தைத் தேர்ந்தெடுத்தது சந்தை. அதனால் அமெரிக்க, ஜெர்மானிய, ஜப்பானிய விமானங்கள் உலகெங்கும் சிறுவர்களுக்குத் தெரிந்த பெயர்களாயின. இந்திய விமானிகள் பறந்த பர்மா முனை அவற்றில் அரிதாகவே வந்தது. தங்கள் ஊரில் உருவான ஒரு படைப்பிரிவைப் பற்றி அறியாமலேயே திருச்சியின் ஒரு தலைமுறை 1942 ஆடி வளர்ந்தது.

இன்று

ஆறாம் படைப்பிரிவு டிராகன்ஸ் என்ற பெயரில் குஜராத்தின் ஜாம்நகரில் கடற்பகுதிப் பணிக்கான ஜாகுவார் விமானங்களை இயக்கிவந்துள்ளது. திருச்சி இன்று பன்னாட்டு விமான நிலையம். அதன் புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறக்கப்பட்டது. 1942 ஆட்டமும் அதன் காலத்து ஆட்டங்கள் பலவும் கணினியிலும் கைப்பேசியிலும் மீண்டும் கிடைக்கின்றன.