அசோக் நகர்: பெருகிய மக்களும் மறைந்த ஏரிகளும்

1941-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7,77,481 ஆக இருந்த சென்னை மாநகரின் மக்கள்தொகை, 1951-இல் 14,16,056 ஆக உயர்ந்தது. இவ்வுயர்வின் ஒரு பகுதி, 1946-இல் சைதாப்பேட்டை உள்ளிட்ட சுற்றுப்புறங்கள் மாநகராட்சி எல்லைக்குள் சேர்க்கப்பட்டதால் வந்தது. எஞ்சியது, இறப்பைவிடப் பிறப்பு மிகுவதால் உண்டாகும் இயற்கைப் பெருக்கத்தாலும், பிழைப்புத் தேடி மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களாலும் வந்தது. இவர்களுக்கு இடம் தேடிய அரசு, நகரின் தென்மேற்கு ஓரத்தில் அமைத்த குடியிருப்புகளுள் ஒன்றே அசோக் நகர். அதன் வரலாறு, மக்கள் பெருகும்போது உணவும் நீரும் உடல்நலமும் எவ்வழியில் மாறுகின்றன என்பதைக் காட்டும் தெளிவான சான்றாகும்.

இப்பகுதிக்குக் கிழக்கே, மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் தொடர்ச்சியாகக் கிடந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்று குறித்தனர். 1920களில் அதன் ஒரு பகுதி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்றும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. ஓர் ஏரியின் நீரால் பாசனம் பெறும் நிலத்தை ஆயக்கட்டு என்பர்; ஆயக்கட்டு மனைகளாகப் பிரிந்துவிட்டால், மதகைத் திறக்கவும் வரத்துக்கால்வாயைத் தூர்வாரவும் ஆளின்றிப் போவதால், ஏரி மெல்லமெல்ல வெற்று நிலமாகவே கருதப்படத் தொடங்குகிறது. சட்டத்தின்கீழ் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் (நந்தனத்தை அடுத்த சி.ஐ.டி. நகரின் பெயரில் அது இன்றும் வாழ்கிறது) இவ்வாறு மனைப்பிரிவுகளை வகுத்தது; 1961-இல் அதன் பணி வீட்டுவசதி வாரியத்திடம் சென்றது. 1964-இல் அசோக் நகர் தோன்றி, எண்ணிடப்பட்ட அவென்யூக்களும் நான்முகச் சிங்கத் தூணுமாக வளர்ந்தது.

வயல் வீடானபின் அந்நகருக்கான அரிசியும் காய்கறியும் தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று. மாநகரின் காய்கறி மொத்த வணிகம் முழுவதையும் தாங்கிய ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடியில் லாரி நுழையவே இடமில்லாமல் போனதால், 1996-இல் அவ்வணிகம் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. அசோக் நகரைத் தொட்டுச் செல்லும் நூறடிச் சாலையே அதற்கும் வழி. ஒரு பெருநகரின் காய்கறி பெரும்பாலும் ஒரே வாயிலின் வழியே நுழையும் ஏற்பாட்டின் பலவீனம் 2020 மே மாதத்தில் வெளிப்பட்டது: கோயம்பேட்டுச் சந்தையில் கொரோனாத் தொற்று பரவி, மாநகரைத் தாண்டிப் பிற மாவட்டங்களுக்கும் சென்றபின், சந்தையையே மூட நேர்ந்தது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, நெரிசலே நோய்க்குக் காரணம் என்ற எளிய முடிவைச் சென்னையே ஒருமுறை திருத்தியிருக்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நெரிசலான வீடுகளிலேயே மருந்து உட்கொண்டவர்களையும், சானடோரியம் எனப்படும் தனி மருத்துவமனையில் தங்கியவர்களையும் ஒப்பிட்டு, இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததையும், வீட்டில் உடன் வாழ்ந்தோருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதையும் 1959-இல் வெளியிட்டது. முறையான மருந்து கிடைத்தால் சிறிய வீடும் தடையாகாது என்பதை உலகம் இதனால் அறிந்தது. மாறாக, நீரும் கழிவும் பிரிக்கப்படாத இடத்தில் நோய் எளிதில் வென்றது: காலராக் கிருமியில் அதுவரை அறியப்படாத ஓ139 என்னும் வகை, 1992-இல் சென்னையில்தான் முதலில் கண்டறியப்பட்டது. மலேரியாவைப் பரப்பும் ‘அனாபிலிஸ் ஸ்டீபன்சி’ கொசுவோ சாக்கடையை நாடுவதில்லை. கிணற்றிலும் மூடப்படாத மேல்நிலைத் தொட்டியிலும் தேங்கும் நல்ல நீரிலேயே முட்டையிடுகிறது. குழாயில் நீர் வராத நாளுக்காக வீடுதோறும் நீரைச் சேமித்த பழக்கமே இக்கொசுவுக்குத் துணையானது. அதனாலேயே புழுக்களைத் தின்னும் கம்பூசியா மீனைக் கிணறுகளில் விடும் வேலை மாநகராட்சிக்கு வந்து சேர்ந்தது.

ஏரிகள் மறைந்தபின் மழைநீர் நிலத்தில் இறங்குவது குறைய, ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நிலத்தடி நீரெடுப்பைக் கட்டுப்படுத்த 1987-இல் ஒரு சட்டமும், மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்க 2003-இல் மற்றொரு சட்டமும் வந்தன. 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள வீராணம் ஏரியிலிருந்து குழாய்வழி நீர் வருகிறது. அதாவது, மாநகரம் தன் ஏரிகளைத் தூர்த்துவிட்டுக் கடலூர் மாவட்டத்து உழவரின் ஏரியைப் பங்கு கேட்கிறது. அப்படியிருந்தும் 2019 கோடையில் நகருக்கு நீர் வழங்கும் ஏரிகள் ஏறத்தாழ வறண்டுபோயின. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், அடையாற்று வெள்ளம் அசோக் நகரை அடுத்த கரையோர ஜாபர்கான்பேட்டையை மூழ்கடித்தது. நீரைத் தேக்க இடமில்லாத நகரத்துக்குப் பெருமழையும் வறட்சியும் ஒரே குறையின் இரு முகங்கள் ஆயின.

இக்குறைகளுக்கெல்லாம் பிறப்பு விகிதமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1951 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்து, பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரான ஆர்.ஏ. கோபாலசாமி, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையை முன்னின்று ஊக்குவித்தார். கல்வியும், குழந்தை இறப்பின் குறைவும் சேர, பிறப்பைக் குறைக்கும் அந்நோக்கம் நிறைவேறியும்விட்டது: ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையான மொத்தக் கருவள விகிதம், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1.8 மட்டுமே; தலைமுறை ஈடாவதற்குத் தேவையான 2.1-ஐவிட அது குறைவு. ஆயினும் நீருக்கான தேவையோ கழிவின் அளவோ குறையவில்லை. தனி வீடு நின்ற மனையில் இன்று அடுக்ககம் எழுந்து, அதன் முற்றத்து மண்ணும் கான்கிரீட்டால் மூடப்படுகிறது. ஆகவே, அசோக் நகரின் வரலாற்றில் மக்களின் எண்ணிக்கை முதற்காரணம் என்றால், நீர்நிலையை வெற்றுமனையாகக் கணக்கிட்ட திட்டமிடலே பெருங்காரணம். பிறப்பு விகிதம் அடங்கிவிட்டது; திட்டமிடலை மாநகராட்சியும் அரசும்தான் திருத்த வேண்டும்.