யார் கணக்குக் கேட்கலாம்?
ஏலமலை வணிகம் பற்றிச் சில குறிப்புகள்

1

வணிகம் 'மனித முகம்' கொள்ள வேண்டும் என்பது இப்போது வணிகர்களே விரும்பிப் பேசுகிற பேச்சாகிவிட்டது. 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் ஒரு படி மேலே போய், பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் இந்தச் சொல்லாடலில் 'மக்கள்' என்று வருகிறவர்கள் யார்? வாங்குகிறவரா, விற்கிறவரா, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் வாங்கிக்கொள்கிற ஊரா? சரக்கை உண்டாக்கிய கை அதில் எங்கே இருக்கிறது?

இதைக் கேட்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கைவிடத் தோதான இடம் குறைவு. அதன் மேற்குச் சுவராக நிற்கும் ஏலமலையில் விளையும் காய், இருநூறு ஆண்டுகளில் பலமுறை 'சீர்திருத்தப்பட்ட' ஒரு வணிகம். ஒவ்வொரு சீர்திருத்தத்திலும் யாரோ ஒருவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை கிடைத்தது. யாரோ ஒருவர் வெளியே நிறுத்தப்பட்டார். அந்தக் கோணத்தில் இந்த வரலாற்றைத் திருப்பிப் படிக்கலாம்.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம். மலையில் தோட்டம் போட்டவர்களில் கணிசமானோர் கிழக்கே பள்ளத்தாக்கிலிருந்து ஏறிப்போன தமிழ்க் குடியானவர்கள். காடு ராஜாவுடையது, காயும் ராஜாவுடையது. விளைந்ததை அரசிடம்தான் கொடுக்க வேண்டும். அரசு தருவதை வாங்கிக்கொள்ள வேண்டும். விற்பனை ஆலப்புழையில் நடந்தது. இந்த மலைக் காய்க்கு இன்றும் 'ஆலப்புழைப் பச்சை ஏலம்' என்றுதான் புவிசார் குறியீடு. விளைந்த மலையின் பெயர் போய் விற்ற துறைமுகத்தின் பெயர் நின்றுவிட்டது. பெயர் சூட்டுகிற அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஏகபோகம் கைவிடப்பட்டு நிலவரி வந்தது. ராஜா விலகிய இடத்தில் வியாபாரி வந்தார். போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையாக வளர்ந்தது. 1928-ல் மதுரையிலிருந்து அங்கே ரயில் வந்தது. யுத்த காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள், 1950களில் திரும்பப் போட்டார்கள். இந்தக் காலத்து வணிகத்தின் நாடி முன்பணம். காய் எடுக்கும் முன்பே தோட்டக்காரருக்குப் பணம். அந்தப் பணத்துக்கு ஈடாக, எடுத்த காய் கடன் கொடுத்தவர் கடைக்கே வந்து சேர வேண்டும். எடை அவர் தராசில், தரம் அவர் கண்ணில், விலை அவர் வாயில். உறவு சுமுகம்தான். கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் வியாபாரி முன்வரிசையில் உட்காருவார். ஆனால் 'நம்ம ஆளு' என்கிற அந்த வார்த்தைக்குள் கணக்குக் கேட்கக் கூடாது என்கிற நிபந்தனையும் அடங்கியிருந்தது.

3

இதை உடைத்ததுதான் பொது ஏலம். 1965-ல் ஏலக்காய்ச் சட்டம், 1966-ல் ஏலக்காய் வாரியம். 1986-ம் ஆண்டுச் சட்டப்படி 1987-ல் நறுமணப் பொருள் வாரியம் வந்து அதைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. ஏலம் நடத்துகிறவர் உரிமம் பெற வேண்டும். சரக்கு எடை போடப்பட்டு, குவியல் குவியலாக எண்ணிடப்பட்டு, மாதிரி வைக்கப்பட்டு, பலர் முன்னிலையில் விலை கேட்கப்படும். 2007 முதல் மின்னணு ஏலம்: போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். யார் கேட்கிறார் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. என்ன விலை என்பது எல்லாருக்கும் தெரியும். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனதும், பின்னர் அது சரிந்ததும் அன்றன்றைக்கே உலகறிய நடந்தவை.

இது சின்ன விஷயமில்லை. தோட்டக்காரர் முதன்முறையாகக் கணக்குக் கேட்கக்கூடியவரானார். இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் 1986-ம் ஆண்டுச் சட்டம் வாரியத்தின் பணிகளைப் பட்டியலிடும் இடத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். விளைவிப்பவருக்குக் கட்டுபடியாகும் விலை, தர நிர்ணயம், ஏலக்காரர்களுக்கு உரிமம், விலையை நிலைப்படுத்துதல் என்று போகிற பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: தொழிலாளர்களுக்கு மேலான வேலை நிலைமைகளையும் வசதிகளையும் பெற்றுத்தருவது. மற்றவற்றுக்கு விதிகள் பிறந்தன, கட்டடங்கள் எழுந்தன, கணினிகள் வந்தன. இந்த ஒரு வாசகம் வாசகமாகவே இருக்கிறது.

4

இனி ஜீப்.

விடியுமுன் போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம், கூடலூர்ப் பக்கங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலை ஏறுகின்றன. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் நிலமற்ற பிற சாதியினரும். ஏலச்செடியின் சரம் தரையோடு படர்வது. எனவே காய் எடுப்பது குத்தவைத்தோ குனிந்தோ செய்கிற வேலை. எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும், சில வாரம் கழித்து அதே செடிக்கு மறுபடி வர வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ. பூச்சிமருந்து அதிகம் அடிக்கப்படும் பயிர்களில் ஏலமும் ஒன்று. அந்த மருந்து படிந்த செடிக்கடியில்தான் நாள் முழுக்க இருப்பு. சாயங்காலம் மறுபடி அதே ஜீப்.

ஜீப்பை வெறும் வாகனம் என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். அது ஒரு தொழிலுறவு. 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் (இப்போது 2020-ம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது) வீடு, மருத்துவம், குடிநீர், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டமானால் சட்டம் தானாக வந்து நிற்காது. 1951-ம் ஆண்டுச் சட்டப்படி, வெளியே குடியிருப்பவர் வீடு கேட்க வேண்டுமென்றால் அதே தோட்டத்தில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டியிருந்தது. இந்த வாரம் ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறு தோட்டம் என்று போகிறவளுக்கு ஆறு மாதம் எங்கே சேரும்? லயத்தில் குடியிருந்த கூலியாள் கங்காணியின் கைப்பிடியில் கிடந்தாள். ஆனாலும் அவள் முதலாளி யார் என்பது தெரிந்திருந்தது. ஜீப் அந்தத் தெளிவையும் அழித்துவிட்டது. 'எனக்கு யார் பொறுப்பு?' என்று அவள் கேட்டால், தோட்டக்காரர் ஜீப்புக்காரரைக் காட்டலாம், ஜீப்புக்காரர் ஆள் பிடிக்கிறவரைக் காட்டலாம்.

1956-ல் மொழிவழி மாநிலம் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. வேலை அந்தப் பக்கம், ஓட்டு இந்தப் பக்கம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது, மலையிலிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் காட்டுப்பாதையாகக் கீழே ஓடிவந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கால் எல்லை அடைபட்டபோது, ராசிங்காபுரம் பக்கம் காட்டு வழியாக வீடு திரும்பிய எஸ்டேட் தொழிலாளர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இறந்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. சரக்கு லாரிக்கு எல்லை சீக்கிரமே திறந்தது. காய்க்கு இருந்த வழி, காய் எடுத்தவளுக்கு இல்லை.

5

'தொழிலாளியையே பங்குதாரர் ஆக்கிவிட்டால்?' என்று கேட்கலாம். போடிமெட்டு தாண்டி மூணாறில் அது நடந்தே இருக்கிறது. 2005-ல் டாடா டீ கைமாற்றிய தேயிலைத் தோட்டங்களை நடத்த வந்த கண்ணன் தேவன் ஹில்ஸ் கம்பெனியில் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களுடையவை. உலகமே மெச்சிய ஏற்பாடு. 2015 செப்டம்பரில், 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, அந்தப் 'பங்குதாரர்கள்' தெருவில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் அண்டவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று பிற்பாடு பெயர் பெற்ற அந்த ஒன்பது நாள் போராட்டம் 20 சதவீதத்தை மீட்டது. 232 ரூபாயாக இருந்த தினக்கூலி அடுத்த மாதம் 301 ஆனது. பங்குப் பத்திரம் அவர்கள் கையில் இருந்தது. கணக்குக் கேட்கும் இடம் அதில் இல்லை. அதை அவர்கள் சாலையில்தான் உண்டாக்க வேண்டியிருந்தது.

6

உள்ளூரிலேயே வேறொரு மரபும் இருக்கிறது. நாடார் உறவின்முறைகளின் மகமை. பேட்டைக்கு வரும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துப் பொதுவில் சேர்ப்பது. விருதுநகரில் 1889-லேயே அந்தப் பணம் பள்ளிக்கூடமானது. தேனியிலும் உறவின்முறை பள்ளி, கல்லூரிகளை நடத்துகிறது. சமூகப் பொறுப்பு என்கிற 2 சதவீதம் லாபம் கண்ட பிறகு, மனமுவந்து தருவதுபோல வருவது. மகமை அப்படியில்லை. லாபமோ நஷ்டமோ, சரக்கு கைமாறும் இடத்திலேயே எடுத்துவைத்துவிட வேண்டும். அது தருமம் அல்ல, கடமை. கொடுத்தவர் கூட்டத்தில் எழுந்து கணக்கும் கேட்கலாம். அதன் வரம்பும் அங்கேயே இருக்கிறது: பள்ளிக்கூடத்தில் பிற சாதிப் பிள்ளைகள் படிக்கலாம், கணக்குக் கேட்பது உறவின்முறைக்குள் மட்டும். 'நாம்' என்பது சாதி.

அந்த 'நாம்' அகலுமா என்பதுதான் கேள்வி. ஏலம் முடிந்து வரும் சீட்டில் எடைக்கு ஒரு இடம், விலைக்கு ஒரு இடம், கமிஷனுக்கு ஒரு இடம், வரிக்கு ஒரு இடம் இருக்கின்றன. கிலோவுக்கு இவ்வளவு, காய் எடுத்தவளுக்கு என்று இன்னொரு இடம் போடக் கணினிக்கு ஒரு சிரமமும் கிடையாது. ஆனால் அந்தப் பணத்தை வாரியமோ வியாபாரிகள் சங்கமோ வாங்கிவைத்து, குடையும் கம்பளியும் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டால் பழைய முன்பணத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நிதி எவ்வளவு, எங்கே போனது, நான் ஏறுகிற ஜீப்புக்கு யார் பொறுப்பு என்று ஏலக் கூடத்துக்குள் வந்து கேட்கிற உரிமை அவளுக்கு வேண்டும். எந்தச் சீர்திருத்தமும் இதுவரை தராதது அதைத்தான். வாரியம் தன் சட்டத்தில் தானே சுமக்கிற வாசகத்திலிருந்து இதைத் தொடங்கலாம். தொடங்காவிட்டால், அதைத் தொடங்கவைக்க வேண்டிய வேலை பள்ளத்தாக்கில் இயங்குகிற நம் அமைப்புகளுடையது.