பெட்ரோல் மிகுந்து நின்ற வண்டி

பெட்ரோல் தீர்ந்தால் மோட்டார் வண்டி நின்றுவிடும் என்பதை யாவரும் அறிவர். மிகுந்தாலும் நின்றுவிடும் என்பதை நான் 1960களில், சிறுவனாக இருந்தபோது, மேலூர்ச் சாலையில் கண்டேன். எத்தனை முறை முடுக்கியும் எங்கள் கார் கிளம்பவில்லை; பெட்ரோல் நெடி மட்டும் மூக்கைத் துளைத்தது. ஓட்டுநர் முதற்காரியமாக, அருகே பீடி பற்றவைத்தவரை அப்பால் அனுப்பினார். பிறகு கார்புரேட்டரைத் திறந்தார்.

1893இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக் அமைத்த தெளிப்புக் கார்புரேட்டரின் வழிவந்த கருவி அது. உள்ளே மிதவை உயர்ந்ததும் ஊசி வால்வு பெட்ரோலை அடைக்கவேண்டும். வால்வின் வாயில் ஒரு தூசி சிக்கினால் போதும்; பெட்ரோல் வழிந்து எஞ்சினுள் புகும், ஸ்பார்க் பிளக் நனைந்து தீப்பொறி எழாது. ஓட்டுநர் தூசியை நீக்கினார். பிளக்குகளைத் துடைத்து மாட்டினார். ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்துக் காற்றை மிகுதியாகச் செலுத்தினார். எஞ்சின் இருமிக்கொண்டே உயிர்பெற்றது.

அவர் போர்க்காலத்து பஸ்களில் தொழில் பழகியவர். 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் நிறுவிய கம்பெனி, இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அரிதானபோது கரிவாயுக் கலங்களைச் செய்து தந்தது. காற்றுப் போதாமல் கனலும் அடுப்புக்கரி கார்பன் மோனாக்சைடைத் தரும். அதுவே எஞ்சினுக்கு இரை. வேகம் குறையும், சாம்பல் வாரவேண்டும். ஆயினும் பஸ்கள் ஓடின. அப்படிக் கரி சுமந்தவருக்கு ஒரு சொட்டு வீணாவதும் பொறாது என்றே அன்று எண்ணினேன்.

புறப்படுமுன் பெட்ரோல் குழாயின் இணைப்பைத் துடைத்து, மீண்டும் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். கொதிக்கும் புகைக்குழாய் அதற்கு ஒரு சாண் தொலைவில்தான் இருந்தது.