வீட்டை வாடகைக்குக் கொடுப்போர் கவனத்துக்கு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, யாழ்ப்பாணத்திலோ கல்முனையிலோ ஒரு வீடு கைமாறும்போது பத்து வீட்டுக்குச் சொல்லி, தரகரை அழைத்து, ஒரு மாத முற்பணத்துக்காக ஒரு கிழமை பேரம் பேசுகின்ற நாம், அந்த வீட்டுக்குரிய எழுத்தை மாத்திரம் ஐந்து நிமிடத்தில் முடித்து விடுகின்றோம். கடைத் தாளொன்றில் நாலு வரி, இரண்டு கையொப்பம், சமாதான நீதவானின் முத்திரை. வீட்டுக்காரருக்கு நிம்மதி. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தத் தாளின் பெறுமதி என்ன என்பதை, குடியிருப்பவர் வெளியேற மறுக்கும் நாளிலேயே பலர் கேட்டறிகின்றனர்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் இவ்விடயத்தின் அத்திவாரமாகும். அசையா ஆதனம் தொடர்பான குத்தகை, ஒரு மாதத்தை விஞ்சுவதாயின், எழுத்தில் இருத்தல் வேண்டும். நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் சமுகமாயிருக்கக் கையொப்பமிடப்படுதல் வேண்டும். விருப்பக் குத்தகையும் ஒரு மாதத்துக்கு மேற்படாத குத்தகையும் மாத்திரமே இதற்கு விதிவிலக்கு. ஆகவே சமாதான நீதவான் அத்தாட்சிப்படுத்திய "இரண்டு வருட உடன்படிக்கை" இரண்டு வருடக் குத்தகையாக நிற்பதில்லை. குடியிருப்பவர் உள்ளே வந்து மாதாமாதம் வாடகை செலுத்தினால் அவர் மாத வாடகைக்காரராகவே கணிக்கப்படுவார். தவணை முடிவடைந்தது என்ற வாதம் அங்கே கைகொடாது. மாத முடிவில் காலாவதியாகும் வண்ணம் முழு மாத அறிவித்தல் கொடுத்தே அவரை வெளியேறக் கோர வேண்டும். அறிவித்தலில் ஒரு திகதி பிழைத்தாலும் வழக்கு ஆட்டம் காணும்.

அதற்கு மேலாக, அந்த வீடு 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு உட்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். வாடகைக்காரரைப் பாதுகாக்க எழுந்த அச்சட்டம், உரிமையாளர் வழக்கிடக் கூடிய காரணங்களை எண்ணிக் கொடுத்தது. 1980 ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வாண்டு ஜனவரி முதலாந் திகதிக்குப் பின்னர் கட்டப்பட்ட வீடுகளை அதன் பிடியிலிருந்து விடுவித்தது. பழைய கொழும்பில் பாட்டன் காலத்து வாடகையில் பேரனும் குடியிருக்கும் வீடுகள் இச்சட்டத்தின் நிழலிலேயே நிலைத்தன. தம் வீடு எப்போது கட்டப்பட்டது என்பதற்கான அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் வதிவுச் சான்றிதழையும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர் புத்திசாலி என்போம்.

முறையாக எழுதப்பட்ட குத்தகை உறுதியை உடையவரின் நிலை வேறு. தவணை முடிந்த பின்னரும் வெளியேறாதோருக்கு எதிரான வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதைக் கண்டே, குத்தகைக்குக் கொடுத்த வளவின் உடைமையை மீளப்பெறுவதற்கான 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தை பாராளுமன்றம் நிறைவேற்றியது. சாதாரண வழக்கின் நீண்ட பாதையை விட்டு, மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க நடைமுறையொன்றை அது வகுத்தது. ஆவணம் இல்லாதவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை.

உறுதியில் என்ன எழுதுவது? காலம், வாடகை, அது செலுத்தப்பட வேண்டிய நாள், முற்பணம் எப்போது எக்கழிவுகளுடன் திருப்பப்படும் என்பன எவருக்கும் தோன்றும். தோன்றாதவை சில உள்ளன. தவணை முடிந்த பின்னர் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு நட்டஈடு என்ற வாசகம், வழக்கில் உரிமையாளரின் கையைப் பலப்படுத்தும். கீழ்வாடகைக்கு விடலாகாது என்பதையும், வீடு வசிப்பதற்கு மாத்திரமே என்பதையும் எழுதாவிடின், முன் அறை ரியூசன் வகுப்பாகவும் பின் அறை இன்னொருவரின் குடித்தனமாகவும் மாறிய பிற்பாடு வாதாட வேண்டி வரும். மின்சார, நீர்க் கணக்குகள் உரிமையாளரின் பெயரிலேயே தொடர்வதால் நிலுவை அவர் வாசலுக்கே வரும். சாவியைப் பெறுமுன் இறுதிப் பற்றுச்சீட்டைக் காட்ட வேண்டும் என்று எழுதிக்கொள்க. சோலை வரி யார் பொறுப்பு என்பதும் அவ்வாறே.

முத்திரை வரியைக் குறைப்பதற்காக வாடகையைக் குறைத்தெழுதும் வழக்கத்தை நாம் பல இடங்களில் கண்டிருக்கின்றோம். சாட்சியக் கட்டளைச் சட்டம், எழுத்திலுள்ள நிபந்தனைக்கு மாறான வாய்ச்சொல்லைப் பொதுவாக ஏற்பதில்லை. எனவே நிலுவைக்காக வழக்கிடும் நாளில் அவரது எழுத்தே அவருக்கு எதிராக நிற்கும்.

நொத்தாரிசு தம் உறுதிகளின் இணைப்பிரதியை மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பி வைப்பார். இதனையே பதிவு என்று பலர் கருதிக்கொள்கின்றனர். அது பதிவன்று, மூல உறுதியைப் பதிவகத்தில் சமர்ப்பித்துப் பதிவுசெய்வது தனியான காரியம். குத்தகை எடுப்பவருக்கே இது பெரும் காப்பு என்றாலும், பிணக்கற்ற ஆவணம் இருவருக்கும் நன்மையே. வீட்டை விற்றால் குத்தகை முடிந்துவிடும் என்ற எண்ணமும் தவறானது. எமது நாட்டின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டத்தின்படி குத்தகை விற்பனையை முந்தும். வாங்குபவர் உரிமையாளரின் இடத்துக்கே வருகின்றார்.

கையொப்பமிட உரிமையுடையவர் யார் என்ற வினா எமது சமூகங்களில் தனிக் கவனத்துக்குரியது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி தமது அசையா ஆதனத்தைக் கையாளக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. நூறாண்டுக்கு மேலாகியும் இவ்விதி எத்தனை குடும்பங்களைச் சங்கடப்படுத்துகின்றது என்பது பற்றித் தனியே எழுத வேண்டும். முஸ்லிம் பெண்ணுக்கு அத்தகைய தடை இல்லை. ஆனால் வாரிசுரிமையாகப் பல பங்காளிகளுக்கு வந்த வீட்டில் ஒருவரது கையொப்பம் அவரது பங்கை மாத்திரமே கட்டும். ஏனையோரும் உறுதியில் சேர வேண்டும். வெளிநாட்டிலிருப்போர் சார்பில் உறவினர் ஒப்பமிடுவதாயின் முறையான அற்றோணித் தத்துவம் இருத்தல் வேண்டும். தொலைபேசியில் "நீ பார்த்துச் செய் தம்பி" என்பது போதாது.

வாடகை தராதவரின் மின்சாரத்தைத் துண்டிப்பதும் பூட்டை மாற்றுவதும் கோபத்தில் எளிதாகத் தோன்றும். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம், 68 ஆம் பிரிவுகளின் கீழ், முறைப்பாட்டுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவரை நீதிமன்றம் மீண்டும் உள்ளே இருத்தலாம். அங்கே உரிமை எவருடையது என்பதன்று, உடைமையில் இருந்தவர் யார் என்பதே கேள்வி. அவ்வாறு தோற்று நிற்கும் உரிமையாளர் பின்னர் மாவட்ட நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்கும்.

இறுதியாக ஒரு சொல். உறுதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. ஒப்பமிடும் இருவரில் ஒருவருக்கேனும் அது விளங்குவதில்லை. தமிழில் உறுதி எழுத அதிகாரம் பெற்ற நொத்தாரிசுகள் உளர். வாசித்து விளக்கிய பின்னரே ஒப்பம் பெற வேண்டியது நொத்தாரிசின் சட்டக் கடமையாதலால், விளங்காத வரியில் நிறுத்திக் கேட்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.