பகிர்ந்துகொண்ட பொற்பதக்கம்

வெற்றி தோல்விகளை மட்டும் எண்ணிச் சொல்வது வரலாறு ஆகாது. அவ்வெற்றி எவ்வாறு கிட்டியது, அது நியாயமானதுதானா என்று ஆராய்வதும் வரலாற்றின் கடமையாகும். 2020-ஆம் ஆண்டு நடைபெற்ற ஒரு சதுரங்கப் போட்டியை எடுத்துக்கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

தமிழ்நாட்டுச் சதுரங்கத்தின் வேர் பெரிய அரங்குகளில் இல்லை. சிறு கழகங்களில் இருக்கிறது. 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர் மானுவேல் ஆரோன். அவரது முயற்சியால் 1972-இல் சென்னை சோவியத் பண்பாட்டு நிலையத்தில் மிகயீல் தால் பெயரால் ஒரு கழகம் தோன்றியது. அங்கே பயின்ற சிறுவர்களுள் ஒருவரே விசுவநாதன் ஆனந்த். 1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஒரு கழகம் ஏற்றிய விளக்கு எத்தனை வீடுகளுக்கு ஒளி தந்தது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

2020-இல் மாஸ்கோவில் நடைபெறவிருந்த ஒலிம்பியாட் கொள்ளைநோய் காரணமாகத் தள்ளி வைக்கப்பட்டது. அதற்கு மாற்றாக, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இணையத்தின் வாயிலாக ஒரு போட்டியை நடத்தியது. ஒவ்வோர் அணியிலும் ஆடவர் இருவர், மகளிர் இருவர், இளைஞர் ஒருவர், இளம்பெண் ஒருவர் என ஆறு பேர் ஒரே நேரத்தில் ஆட வேண்டும். விதித் குஜராத்தி தலைமை தாங்கிய இந்திய அணியில் ஆனந்த், மதுரை அரவிந்த் சிதம்பரம், சென்னையைச் சேர்ந்த உடன்பிறந்தோரான வைஷாலி, பிரக்ஞானந்தா ஆகியோர் இடம்பெற்றனர். பிரக்ஞானந்தாவுக்கு அப்போது வயது 15. ஆகஸ்ட் 23 அன்று சீனாவை 4-2 என்ற கணக்கில் வென்று, இந்தியா தன் பிரிவில் முதலிடம் பெற்றது.

அதன்பின் தோற்ற அணி வெளியேறும் சுற்றுகள் தொடங்கின. அச்சுற்றுகளில் இரண்டு அணிகளும் இருமுறை மோத வேண்டும். ஆளுக்கு ஒருமுறை வென்றால், தனி ஆட்டம் ஒன்று முடிவு கூறும். காலிறுதியில் இந்தியாவை எதிர்த்தது அர்மீனியா. முதல் மோதலில் அர்மீனிய வீரர் ஒருவரின் இணைப்பு அறுந்தது. கடிகாரம் ஓடி முடிந்தது. அவர் தோற்றவர் ஆனார். தம் பக்கத்தில் குறையில்லை என்று அர்மீனியர் முறையிட்டனர். முறையீடு தள்ளப்பட்டது. அவர்கள் இரண்டாவது மோதலில் ஆட மறுத்து வெளியேறினர். இந்தியா அரையிறுதிக்குச் சென்றது.

அரையிறுதியில் போலந்திடம் முதல் மோதலில் 2-4 என்று தோற்ற நம்மவர், இரண்டாவதில் 4.5-1.5 என்று வென்றனர். முடிவாட்டத்தில் கோனேரு ஹம்பி, போலந்தின் மோனிகா சோக்கோவை வீழ்த்தி, அணியை இறுதிக்குக் கொண்டுசென்றார்.

ஆகஸ்ட் 30 அன்று இறுதிப் போட்டி, எதிரே ரஷ்யா. முதல் மோதலில் ஆறு பலகைகளும் சமனாயின. இரண்டாவது மோதலின் நடுவே, உலகின் பல பகுதிகளில் இணையச் சேவை தடைப்பட்டது. நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய நம் இளையோர் இருவரும் இணைப்பை இழந்து, கடிகாரத்தால் தோற்றனர். இப்போது முறையிட்டது இந்தியா. கூட்டமைப்பின் தலைவர் அர்க்காதி த்வோர்கோவிச், இரு அணிகளுக்கும் பொற்பதக்கம் என்று அறிவித்தார்.

இங்கேதான் உங்கள் சிந்தனை வேண்டும். இரண்டே நாள் இடைவெளியில் ஒரே வகை இடர். ஒருமுறை முறையீடு தள்ளப்பட்டது, மறுமுறை ஏற்கப்பட்டது. இதில் முரண்பாடு உண்டா?

எங்கள் பொங்கலூர், பல்லடம் வட்டாரத்து விசைத்தறிக்காரரைக் கேட்டுப் பாருங்கள். தன் தறியில் நூல் அறுந்தால், அதை முடிய வேண்டியவர் அவரே. ஊர் முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டாலோ, அந்தக் குறையை எந்தத் தறியின் மேலும் சுமத்த முடியாது. காலிறுதியில் இடர் ஒரு வீரரின் இணைப்பில் நேர்ந்ததாக நடுவர்கள் கருதினர். இறுதியில் நேர்ந்ததோ உலகறிந்த தடை. எனவே இரண்டு தீர்ப்புகளுக்கும் காரணம் உண்டு என்பது என் கருத்து.

ஆயினும், கடிகாரம் ஓடுவதைக் கையற்று நோக்கியிருந்த அந்த அர்மீனிய வீரரின் மனம் இக்காரணத்தால் ஆறியிருக்குமா? அவருக்கு நேர்ந்த துன்பமும் நம் பிள்ளைகளுக்கு நேர்ந்த துன்பமும் ஒன்றே. சட்டம் வேறுபடுத்திப் பார்க்கலாம். நம் நெஞ்சம் வேறுபடுத்தலாகாது. எதிரியின் பெட்டி அணைந்தபோது மௌனமாயிருந்து, நம் பெட்டி அணைந்தபோது மட்டும் நீதியை நினைப்பது சான்றாண்மை அன்று.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் நகரில், மரப்பலகையின் முன் நேருக்கு நேர் அமர்ந்து ஆடிய ஒலிம்பியாடில், இந்திய ஆடவர் அணி, மகளிர் அணி இரண்டும் தங்கம் வென்றன. அதில் ஐயத்துக்கு இடமில்லை, பங்குக்கும் இடமில்லை. எனினும் 2020-ஆம் ஆண்டுப் பதக்கத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. உங்கள் பள்ளிக் கழகத்தில் அதன் கதையைச் சொல்லும்போது, ரஷ்யாவோடு பகிர்ந்த பொன்னைச் சொல்லுங்கள். அர்மீனியா வெளியேறிய கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டையும் சொன்னால்தான் அது முழு வரலாறு.